எந்தப் பள்ளி வெல்லும், டீச்சர்?



மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றத்திலிருந்து காற்பந்துப் போட்டிக்கான கடிதம் வந்துவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே கேள்விதான். "இந்த வருஷம் எந்த ஸ்கூல் ஜெயிக்கும், டீச்சர்?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பள்ளிக் காற்பந்துக் குழுவின் பொறுப்பாசிரியர் நான். தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்களைக் காட்டிலும் ஆசிரியைகளே மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, பள்ளி முடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு, ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திடலுக்குச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. முன்பெல்லாம் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுவேன். இப்பொழுது தயங்குகிறேன். அந்தத் தயக்கம் எப்படி வந்தது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அப்பாவின் கணிப்பு

எனக்குக் காற்பந்தை அறிமுகப்படுத்தியவர் என் அப்பா. பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டும் தொழிலாளியாக இருந்தவர். மலேசியக் கிண்ண ஆட்டம் நடக்கும் இரவுகளில் எங்கள் வீட்டு வானொலியின் முன் அண்டை வீட்டார் நாலைந்து பேராவது அமர்ந்திருப்பார்கள். யார் வெல்வார் என்று கேட்டால் அப்பாவின் விடை எப்பொழுதும் ஒன்றே: "சிலாங்கூர்தான்!"

சிலாங்கூரின் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் மீது அவருக்கு அளவற்ற பற்று. நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்ற ஆறுமுகம், 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் கோல் காவலர். அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்ததால் அக்குழு அங்குச் செல்ல இயலவில்லை. 1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்த செய்தி வந்த அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. ஒன்றாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறையில் இருந்த எனக்கு, முகம் தெரியாத ஒருவருக்காக அப்பா ஏன் அழுகிறார் என்று விளங்கவில்லை.

அப்பாவின் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1921இல் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் தொடங்கிய அந்தப் போட்டியை முதலில் வென்றது சிங்கப்பூர். ஆனால், மிகுதியான முறை வென்ற பெருமை சிலாங்கூருக்கே உரியது. 2015இல் கெடாவை 2-0 என வென்றபோது அது சிலாங்கூருக்கு 33ஆவது கிண்ணம். ஹஸ்வான் பக்ரி அடித்த இரண்டு கோல்களுக்கும் அப்பா முதுமையை மறந்து நாற்காலியைவிட்டு எழுந்தார். அதன்பின், 2016இல் கெடாவிடமும் 2022இல் ஜொகூர் டாருல் தாக்சிமிடமும் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் தோற்றது. 33 என்ற எண் ஓர் உதை கூட உதைத்து உதவவில்லை!

வேடிக்கை என்னவென்றால், தோட்டத்தில் அப்பா இப்படிக் கணித்தவரல்லர். செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று அறிய அவர் முதலில் பார்ப்பது மரத்தடியைத்தான். தரையில் பழங்கள் தாமாக உதிர்ந்து கிடந்தால்தான் குலையை வெட்டுவார். மேலே தெரியும் நிறத்தை மட்டும் நம்பினால் காயை வெட்டிவிட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்க நேரும் என்பார். வேலையில் தரையைப் பார்த்தவர், காற்பந்தில் மட்டும் பெயரைப் பார்த்தார்.

கணிப்பு எங்கே பிழைக்கிறது?

2021ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தை என் வகுப்பு மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் ஜொகூர் டாருல் தாக்சிம். 2014 முதல் 2024-25ஆம் பருவம் வரை சூப்பர் லீக் பட்டத்தை ஒருமுறை கூட விட்டுக்கொடுக்காத குழு அது. மறுபக்கம், 1989க்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தை வெல்லாத கோலாலம்பூர். 'யார் வெல்வார்? காரணத்துடன் எழுதுக' என்று மாணவர்களுக்கு ஒரு பத்தி எழுதக் கொடுத்திருந்தேன். ஏறத்தாழ அனைவரும் ஜொகூர் என்றே எழுதினார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கோலாலம்பூர் 2-0 என்று வென்றது! சஃப்ரி யாஹ்யாவும் பாவ்லோ ஜோசுவேயும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். கோலாலம்பூர் என்று எழுதிய ஒரே ஒரு மாணவி சொன்ன காரணம், "எங்க மாமா அங்க இருக்காரு" என்பதாகும்.

இதைக்கொண்டு கணிப்பதே வீண் என்று சொல்லிவிட முடியாது. 2022, 2023, 2024-25 ஆகிய மூன்று கிண்ணங்களையும் ஜொகூரே வென்றது. நெடிய லீக் பருவத்தில் பல ஆட்டங்கள் இருப்பதால் வலிமையான குழு மேலே வந்துவிடும். தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டமோ வேறு வகை. காற்பந்தில் கோல்கள் குறைவு. ஒரு பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனாலும் வெளியே போனாலும் கதை மாறிவிடுகிறது.

அயர்லாந்தில் கேலிக் காற்பந்து என்றொரு விளையாட்டு உண்டு. ஊர்க் குழுக்களே முதலில் தம் மாவட்டத்தில் மோதி, பிறகு மாநில வெற்றியாளருக்கான போட்டிக்குச் செல்கின்றன. ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியரும் விவசாயியும் தம் ஊருக்காக ஆடுவார்கள். அவ்விளையாட்டில் பந்தை வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளிகள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினாலும் புள்ளி உண்டு. ஓர் ஆட்டத்தில் பலமுறை புள்ளிகள் கிடைப்பதால் ஒரேயொரு தவறு ஆட்டத்தையே கொண்டுபோவது குறைவு. நம் பிள்ளைகளின் ஆட்டத்திற்கு அந்த வசதி இல்லை. மாவட்டப் போட்டியில் ஆட்ட நேரமும் குறைவு. ஒரு கோல் விழுந்தால் அதைத் திருப்பி அடிப்பதற்குள் ஊதல் ஊதிவிடுவார்கள்.

நான் போட்ட பட்டியல்

அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட சில அளவுகோல்கள் உண்டு. நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கு ஆள் பஞ்சமில்லை. நூற்றுக்கணக்கான பையன்களிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். சிறிய தமிழ்ப்பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பையன்கள் அனைவரையும் சேர்த்தால்தான் ஒரு குழு தேறும். ஆனால், சென்ற ஆண்டு எந்தப் பள்ளிக் குழுவில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் மிகுதியாக இருந்தார்கள் என்று பாருங்கள். இவ்வாண்டு அவர்கள் ஆறாம் ஆண்டில் இருப்பார்கள். ஒன்றாக ஆடிப் பழகியிருப்பார்கள். சென்ற ஆண்டு வெற்றியாளரைவிட அந்தக் குழுவுக்கே நான் அஞ்சுவேன். அடுத்தது கோல் காவலர். பந்தைக் கண்டு கண்ணை மூடாத ஒரு பையன் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

2023ஆம் ஆண்டு எங்கள் குழு அத்தகைய குழு. முந்தைய ஆண்டில் ஆடிய பெரும்பாலோர் இருந்தார்கள். நல்ல கோல் காவலரும் இருந்தான். இம்முறை இறுதியாட்டம் நிச்சயம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்ய முறையாக ஓர் அட்டவணை தயாரித்தேன். ஓட்டம், உதை, பந்தைக் கட்டுப்படுத்துதல், தலையால் முட்டுதல், தடுத்தல், உடல்வலிமை என ஆறு கூறுகள். வகுப்பறை மதிப்பீட்டில் நாம் செய்வதுபோல் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை.

கடைசி ஓரிடத்திற்கு இருவர் போட்டியிட்டார்கள். ஒருவனுக்கு 20 புள்ளிகள். மற்றவனுக்கு 19. இந்த 19 பெற்றவன் ஆறாம் ஆண்டு மாணவன். பயிற்சிக்கு ஒருநாளும் தவறாதவன். நேர்மை தவறக்கூடாது என்று 20 பெற்றவனைச் சேர்த்தேன். முடிவைச் சொன்னபோது அவன் அழவில்லை. "சரிங்க டீச்சர்" என்றான். கூம்புகளை அடுக்கி வைத்துவிட்டு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

போட்டி நாளில் முதல் ஆட்டத்தை வென்றோம். இரண்டாம் ஆட்டத்தில், எளிதாகப் பிடிக்க வேண்டிய ஒரு பந்து எங்கள் கோல் காவலரின் கைக்கடியில் நழுவி உள்ளே போனது. மற்றவர்கள் அவனை ஏசத் தொடங்கினார்கள். ஒருவன் கையை விரித்தான். ஒருவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். சற்று நேரத்தில் இரண்டாவது கோலும் விழுந்தது. பிரிவுச் சுற்றோடு வீடு திரும்பினோம்.

பேருந்தில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பயிற்சியின்போது கோல் விழும் ஒவ்வொரு முறையும் கோல் காவலரிடம் ஓடிச் சென்று, பந்தை எடுத்துக் கொடுத்து, தோளில் தட்டிவிட்டு வருபவன் ஒருவன் இருந்தான். 19 புள்ளிகள் பெற்றவன்தான் அவன்! மாதக்கணக்கில் அதைக் கண்ணால் பார்த்திருந்தேன். என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

அவன் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பொய்க் கணிப்பே. அவனுக்கு உதை குறைவு, ஓட்டமும் குறைவு. நான் சொல்ல வருவது வேறு.

ஓர் அம்மாவின் கேள்வி

சில நாள்கள் கழித்து அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சண்டை போட வரவில்லை. "அவன் எதுல குறைஞ்சிட்டான்னு தெரிஞ்சா வீட்டுல சொல்லிக் கொடுப்பேன், டீச்சர்" என்றார். நான் அட்டவணையை எடுத்துக் காட்டி ஒவ்வொரு கூறாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு விரலை அட்டவணையின் மேல் வைத்தபடி, "இதுல அவன் தினமும் வந்தது எங்க இருக்கு, டீச்சர்?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் மதிப்பீடு பற்றிப் படித்தபோது நம்பகத்தன்மை, ஏற்புடைமை என இரண்டைச் சொல்லித் தந்தார்கள். யார் அளந்தாலும், எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வந்தால் அது நம்பகத்தன்மை. அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை. தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். என் அட்டவணை முதலாவதில் தேறியது. இரண்டாவதில் தோற்றது. நான் அளந்தது பதினொரு வயதுப் பையன்களின் கால்களை. அளந்திருக்க வேண்டியது ஒரு குழுவை.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகும் "என் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது?" என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். அதில் தவறில்லை. எண் ஒன்று கையில் இருந்தால் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால், அந்த எண்ணைத் தரும் ஆசிரியரிடம் அடுத்து ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "இந்த எண்ணில் எது சேரவில்லை?" அதற்கு விடை சொல்ல முடிந்தால்தான் அந்த ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

இப்பொழுதும் அட்டவணை போடுகிறேன். 'ஊக்கமளித்தல்' என்று ஏழாவது கூறு சேர்த்துப் பார்த்தேன். அடுத்த வாரமே பையன்கள் என் கண்ணில் படும்படி ஒருவர் தோளை ஒருவர் தட்டத் தொடங்கிவிட்டார்கள்! எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, தேர்வுக்கு முந்தைய ஒரு வாரம் குறிப்பேடு இல்லாமல் திடலோரம் நிற்கிறேன். அப்பா மரத்தடியைப் பார்ப்பதுபோல், கீழே உதிர்ந்து கிடப்பது எது என்று பார்க்கிறேன்.

அந்த மாணவனுக்கு இதனால் பயன் ஒன்றும் இல்லை. அதுவே அவனுக்குக் கடைசி ஆண்டு. பள்ளிக்காக ஓர் ஆட்டம் கூட ஆடாமல் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான். அண்மையில் பந்திங் இரவுச் சந்தையில் அவனைக் கண்டேன். என்னைவிட உயரமாகிவிட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவனே, "இந்த வருஷம் யாரு டீச்சர் கோல் கீப்பரு?" என்று கேட்டான். சொன்னேன். "அவன் சின்னப் பையனாச்சே... பயந்துக்குவான். பார்த்துக்குங்க டீச்சர்" என்றான்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேனா என்கிறீர்களா? கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, கையிலிருந்த கரும்புச்சாற்றை எனக்கு நீட்டினான்.

இவ்வாண்டு எந்தப் பள்ளி வெல்லும் என்று கேட்கிறார்கள். நகரத்துப் பெரிய பள்ளி ஒன்றுக்கே வாய்ப்பு மிகுதி என்று நினைக்கிறேன். எங்கள் பள்ளி பிரிவுச் சுற்றைத் தாண்டினால் மகிழ்வேன். என் கணிப்பு பிழைத்தாலும் மகிழ்வேன்.

உங்கள் பள்ளியில், உங்கள் வீட்டில், எந்தக் கட்டத்திலும் அடங்காத பிள்ளை ஒருவர் இருப்பார். அவரை நீங்கள் எப்படிக் கண்டுகொண்டீர்கள்? எழுதுங்கள், அறிய ஆவலாக உள்ளேன்.