பத்தாவது கிரெடிட்

அமெரிக்காவில் படிக்கப் போகும் நம்ம ஊர்ப் பையன் அந்த நாட்டு ராணுவ அதிகாரி ஆக முடியாது. அதற்குக் குடியுரிமை வேண்டும். ஆனால், அதிகாரிகளைத் தயார் பண்ணும் 'ஆர்.ஓ.டி.சி.' பயிற்சியின் ஆரம்ப வகுப்புகளில், பல யுனிவர்சிடிகளில் வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். 1916-லிருந்து நடக்கும் சமாசாரம். நம்ம என்.சி.சி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பூரி மட்டும் கிடையாது!

2013-ல் கணக்கியல் எம்.எஸ். படிக்கப் போன நான் அதில் சேர்ந்ததற்குக் காரணம் வீரம் இல்லை, ஸார். ஒன்பது கிரெடிட்டுக்குக் கட்டிய அதே ஃபீஸில் பத்தாவது இலவசம். பி.காம். மூளை சும்மா இருக்குமா?

காலை ஆறு மணிக் குளிரில் இரண்டு நிமிஷம் தண்டால், இரண்டு நிமிஷம் படுத்து எழுவது, பிறகு இரண்டு மைல் ஓட்டம். அப்போதைய தேர்வு இதுதான். ஓடும்போது பாட்டு வேறு. ஒருத்தர் ஒரு வரி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். பஜனை கோஷ்டிக்குப் பின்னால் நாய் துரத்தினால் எப்படியிருக்கும், அப்படி!

எனக்குப் பிடித்தது, காட்டில் வழி கண்டுபிடிக்கும் பயிற்சி. மேப், காம்பஸ் இரண்டும்தான் துணை. நூறு மீட்டர் நடந்தால் இடது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். எனக்கு 68. அப்புறம் எண்ணிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். நூறு மீட்டருக்கு ஒரு கூழாங்கல் இந்தப் பாக்கெட்டிலிருந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாறும். மேட்டில் ஏறினால் அடி சுருங்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேய்மானக் கணக்குப் போட்டவனுக்கு அல்வா!

என் ஜோடி, பதினெட்டு வயசு அமெரிக்கப் பையன். மரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். நெருப்பே வேண்டாம், கூட வரும் பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சூடாகிவிடும்.

"ஏம்ப்பா இதுல சேர்ந்தே?"

"காலேஜ் ஃபீஸ் ராணுவம் கட்டுது. பதிலுக்கு எட்டு வருஷம். நாலு முழுநேரம், மீதி ரிசர்வ். உனக்கு யார் கட்டறாங்க?"

"பாங்க் லோன். அப்பா கையெழுத்துப் போட்டிருக்கார்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்பா கட்டணும்."

"பரவால்லையே! எனக்கு ஏதாவது ஆனா யாரும் எதுவும் கட்ட வேணாம்" என்று சிரித்தான்.

ஆப்கானிஸ்தானில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனோ, "உன் பிஸ்கெட்டை நீ சாப்பிடலையா?" என்று அதையும் வாங்கிக்கொண்டான்.

எனக்கு அந்தப் பாடத்தில் 'ஏ' கிரேடு. அவன் 2017-ல் லெஃப்டினென்ட் ஆனான். என் லோன் 2019-ல் அடைந்தது. அவனுடைய எட்டு வருஷம் முடிந்தது 2025-ல்.