கம்பியுமில்லை, தோலுமில்லை

ஒரு சத்தம் எதிலிருந்து வருகிறது, யார் கையிலிருந்து வருகிறது என்று சொல்வது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. சாவு வீட்டில் ஆறேழு பேர் நின்று தப்பு அடிப்பார்கள். அந்தப் பக்கம் கோலி விளையாடுகிற பயல் தலையைத் தூக்காமலே சொல்லுவான்: "இது எங்க மாமா அடி. எங்க சித்தப்பா தப்பு எளகிருச்சு, காய்ச்சப் போயிருக்காரு." பனியிலும் ஈரக்காற்றிலும் தோல் தொய்ந்து சத்தம் இறங்கும். கூளத்தைக் கொளுத்தி வாட்டினால் ஏறும். இறங்க ஆரம்பிக்கிற அந்த நிமிஷத்திலேயே அதைப் பிடிக்கிற காது எங்களுக்கு. இதை யாரும் சங்கீத ஞானம் என்று சொன்னதில்லை. தீட்டுத் தொழில் என்றுதான் சொன்னார்கள்.

இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் அடையாளம் காணப் பழகியது பழைய தட்டுகளில் ஒலிக்கிற வெளிநாட்டு சிந்தஸைசர்களை.

1984லிருந்து ஆறு வருஷம் மதுரையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆட்கள் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேஸட்டில் எத்தனை நிற்கும் என்று கணக்குப் போட்டுத் தட்டிலிருந்து பதிந்து கொடுக்க வேண்டும். கப்பலில் வேலை பார்த்த யாரோ கொண்டுவந்து கொடுத்த ஆங்கிலத் தட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. கூட்டமில்லாத மத்தியானங்களில் அதைப் போட்டுக் கேட்பேன். நாங்கள் விற்ற தமிழ்ப் படக் கேஸட்டுகளின் அட்டையில் இசையமைப்பாளர் பேர் இருக்கும், கவிஞர் பேர், பாடினவர் பேர் இருக்கும். வாசித்தவன் பேர் இருக்காது. அந்த வெளிநாட்டுத் தட்டுகள் பலவற்றின் உறையில் வாசித்தவர் பேரும் எந்த வாத்தியம் என்பதும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். எனக்கு அதுதான் அரிச்சுவடி. காதில் கேட்பதையும் உறையில் படிப்பதையும் ஒட்டவைத்து ஒட்டவைத்துப் பழகினேன்.

அனலாக் சிந்தஸைசருக்குள் கம்பியும் இல்லை, தோலும் இல்லை. மின்சாரத்தையே ஆடவைத்துச் சத்தமாக்குகிறார்கள். ஆடவைப்பது ஆஸிலேட்டர், அந்தச் சத்தத்தைச் செதுக்குவது ஃபில்டர். 1970இல் வந்த மினிமூக்கில் மூன்று ஆஸிலேட்டர்கள். மூன்றையும் ஒரே சுருதியில் வைத்தாலும் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகிக்கொண்டே இருக்கும். அந்த விலகல்தான் அதன் கனம். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். பெட்டியில் சூடு ஏறினால் சுருதி நகரும். தப்பு இளகுவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புதுசா என்ன? 1983இல் யமஹா டிஎக்ஸ்-7 வந்தது. அது எண்களால் இயங்குவது, சுருதி அசையாது, கண்ணாடியில் தட்டின மாதிரி ஒலிக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. (மினிமூக் என்ற பேரில் பாப் மூக் இருக்கிறார். முதல் மாதிரியைச் செய்தவர் அவரிடம் வேலை பார்த்த பொறியாளர் பில் ஹெம்சாத். பேர் விஷயம் எல்லா ஊரிலும் இப்படித்தான்.)

யமஹா சிஎஸ்-80 வேறு ஜாதி. 'பிளேடு ரன்னர்' படத்தில் (1982) ஊதுகருவி மாதிரி பொங்கிவருகிற சத்தம் அதனுடையது, வாசித்தவர் வான்ஜெலிஸ். அதில் ஒவ்வொரு விரலின் அழுத்தத்தையும் கருவி தனித்தனியாக வாங்கிக்கொள்ளும். நாலு சுரம் சேர்ந்து ஒலிக்கையில் ஒன்று மட்டும் மெல்லப் பொங்கினால் அது சிஎஸ்-80ஆக இருக்கலாம். எடை சுமார் 100 கிலோ. பாடை மாதிரி நாலு பேர் தூக்கணும்.

அந்தப் பெட்டியில் என்னைப் பிடித்து உட்காரவைத்தவை கறுப்பர்களின் தட்டுகள். ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' (1972) கேட்டவர்கள் அதில் கிட்டார் வெட்டி வெட்டி வருகிறது என்பார்கள். கிட்டார் இல்லை, கிளாவினெட் என்கிற மின்கட்டை வாத்தியம். அடியில் ஓடுவது மூக். ட்ரம்ஸ் அடிப்பதும் அவரேதான். 1977இல் வந்த பார்லிமென்ட் குழுவின் 'ஃப்ளாஷ் லைட்'டில் பெர்னி வொரல் மினிமூக்கில் பேஸ் வாசித்தார். பேஸ் கிட்டார் வேலையைப் பிடுங்கி இடது கையில் வைத்துக்கொண்டு அவர் செய்கிற சேட்டை இருக்கிறதே! ஒரு லீவுக்கு டேப்ரெக்கார்டரை ஊருக்கு எடுத்துப்போய் எங்கய்யாவுக்குப் போட்டுக் காட்டினேன். கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இது கம்பியுமில்ல தோலுமில்லடா. என்னது?"

"கரண்டுய்யா."

"கரண்டு தானா குதிக்குமா? எவனோ ஒருத்தன் வெரலு இருக்கு. பேரென்ன அவனுக்கு?"

சொன்னேன். "நம்மாளு மாதிரி அடிக்கான்" என்றார்.

தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகள் கறுப்பு இலக்கியத்தை ஆசையாய் மொழிபெயர்த்தன. ப்ளூஸ் பற்றி எழுதினோம், அடிமைகளின் பருத்திக்காட்டுப் பாடல்கள் பற்றி எழுதினோம். சிந்தஸைசரை உடைத்துத் தங்கள் மொழி பேசவைத்த கறுப்பர்களைப் பற்றி நான் பார்த்தவரை யாரும் எழுதவில்லை. ஒடுக்கப்பட்டவன் மரத்தோடும் தோலோடும் இருந்தால்தான் பார்ப்பதற்கு அழகு போல. டிரான்ஸிஸ்டரோடு அவனை நிறுத்த நம் தோழர்களுக்கே மனசு வரவில்லை.

அந்த வருஷங்களில் நகரத்தில் ஓர் இசை ரசிகர் வட்டத்துக்கு ஒரு நண்பரோடு போனேன். ஹெர்பி ஹான்காக்கின் 'கமீலியன்' (1973) ஓடியது. பேச்சாளர் அந்த பேஸ் கிட்டாரைப் புகழ்ந்து பத்து நிமிஷம் பேசினார். அது பேஸ் கிட்டார் இல்லை, ஆர்ப் ஒடிஸி சிந்தஸைசர், ஹான்காக்கே வாசிக்கிறார், மேலே கிட்டார் மாதிரி கொத்துகிறதே, அதுதான் பால் ஜாக்ஸனின் பேஸ் கிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"எங்க மியூசிக் படிச்சீங்க?"

"படிக்கல."

"சொந்த ஊர்?"

ஊர் சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். சிந்தஸைசர் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. தட்டின் உறை மேசைமேல் கிடந்தது. பின்பக்கம் ஹான்காக் பேருக்கு நேரே ஆர்ப் ஒடிஸி என்று அச்சடித்திருக்கிறது. ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

இந்த வித்தையில் கருவியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' (1977) மியூனிக் நகரில் பதிவானது. உள்ளே ஓடுவது பெரிய அலமாரி போன்ற மூக் மாடுலர். இடது காதில் ஒரு சுரம், அதன் எதிரொலி வலது காதில். அதனால்தான் குதிரை ஓடுகிற மாதிரி கேட்கிறது. சுருதி நிற்காத கருவி என்பதால் சில நொடி பதிவு செய்வது, நிறுத்திச் சுருதி சேர்ப்பது, மறுபடி பதிவது. கூளத்துக்கு ஓடுகிற அதே ஓட்டம். எல்லாரும் ஜார்ஜியோ மொராடர் என்பார்கள். அந்தக் கருவியைக் கட்டி மேய்த்து, டேப்பில் தாளத்தோடு பூட்டிக் காட்டியவர் ராபி வெடல். எந்திரம் அடிப்பதாக நாம் நினைக்கிற கிக் ட்ரம்மை அடித்தது கீத் ஃபோர்ஸி என்கிற மனிதரின் கால்.

ரோலண்ட் டிஆர்-808 கதை இன்னும் சுவாரசியம். 1980இல் வந்த தாளப்பெட்டி. ஒழுங்கான டிரான்ஸிஸ்டர் அந்தக் கரகரப்பைக் கொடுக்காது என்று, குறையுள்ளதாகக் கழித்துப்போட்ட டிரான்ஸிஸ்டர்களைத் தேடி வாங்கினார்கள். அதை நிறுவனர் இகுதாரோ காகெஹாஷியே சொல்லியிருக்கிறார். நல்ல டிரான்ஸிஸ்டர் செய்யும் நுட்பம் வளர்ந்ததும் கழிவு கிடைக்காமல்போய், 1983இல் 808 நின்றது. அதற்குப் பிறகு வந்தது டிபி-303. பேஸ் கிட்டார்காரன் வேலையைச் செய்யத் தயாரித்த பெட்டி, அந்த வேலைக்கு உதவவில்லை, 1984இல் அதுவும் நின்றது. பழைய சாமான் விலைக்கு வந்ததும் சிகாகோவின் கறுப்பு இளைஞர்கள் வாங்கினார்கள். ஃப்யூச்சர் என்ற குழுவில் மூன்று பேர் அதன் குமிழ்களைத் திருகித் திருகி 'ஆசிட் ட்ராக்ஸ்' (1987) செய்தார்கள். இன்று அந்தப் பெட்டி சில ஆயிரம் டாலர் விலை போகிறது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பம்பாய் சினிமாவில் கிட்டார் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் இதே 303, 808, கூட ஒரு ஜூப்பிட்டர்-8 வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். அப்போது அந்தத் தட்டு விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்ததும், ஆசிட் இசையை இந்தியர்தான் கண்டுபிடித்தார் என்று கொண்டாடினார்கள். எனக்கு இந்தக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை. சரண்ஜித் சிங் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. அதற்காக சிகாகோப் பையன்கள் கையிலிருந்து பிடுங்கணுமா? அவர்கள் அந்தத் தட்டைக் கேட்டதற்குத் தடயமே இல்லை.

வீட்டுக்கு வரும் மாணவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன். எதுவும் சொல்ல மாட்டேன். போன மாதம் வந்த ஒரு பெண் இரண்டாவது முடிந்ததும், "ரெண்டும் ஒரே பெட்டி மாதிரிதான் இருக்கு தோழர். ஆனா இதுல யாரோ திருகிக்கிட்டே இருக்காங்க" என்றாள். டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்றேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.