பாய்மரத்தின் அளவு

ஒரு படகுக்குப் பாய்மரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற கேள்வியோடு சில மாதங்களாக வாழ்ந்து வருகிறோம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, இருபதடி நீளத்தில், சுமையோடு ஒரு டன் எடை வரும் சிறு படகொன்றைப் புதுச்சேரியில் கட்டத் திட்டமிட்டிருக்கிறோம். ஜங்க் எனப்படும் சீனக் கப்பல்களின் பாயை அதற்குப் பொருத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை.

குறுக்கே மூங்கில் வரிச்சுகள் ஓடும் பாய் அது. காற்று மிகும்போது, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்தினால் போதும். விசிறிபோல் மடிப்பு மடிப்பாக இறங்கிவிடும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகளும் தேவையில்லை. 1960இல் ஆங்கிலேயரான பிளாண்டி ஹாஸ்லர் இத்தகைய பாய் கட்டிய 'ஜெஸ்டர்' என்னும் சிறுபடகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து, அவ்வாண்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். பின்னர் அவரும் ஜாக் மக்லவுடும் இணைந்து எழுதி 1988இல் வெளிவந்த நூல், சீன மாலுமிகளின் கைப்பழக்கத்தைக் கணக்காக மாற்றித் தந்தது.

அந்த வழியில் நாங்களும் கணக்கிட்டோம். ஒரு டன் படகுக்குப் பதினாறு சதுர மீட்டர் பாய் மிதமான அளவு. அதைத் தாங்க ஏழு மீட்டர் மரம். உருண்டை மரத்தின் வலிமை விட்டத்தின் மும்மடியாக ஏறும். எடை இருமடியாகவே ஏறும். 10 செ.மீ. விட்டத்தை 12 ஆக்கினால் எடை 44 விழுக்காடு கூடும், வலிமையோ 73 விழுக்காடு கூடும். ஆகவே தடித்த மரமே மேல் என்றது காகிதம்.

அந்தக் காகிதத்தோடு வைத்திக்குப்பத்து முதியவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். இளமையில் கட்டுமரத்தில் பாய் விரித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அலைக்கு முன்னால மரத்த எறக்கணுமே, இத யாரு தம்பி தூக்குறது?" என்றார்.

இந்தக் கரைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பிரெஞ்சுக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சரக்கும் மனிதரும் சலங்குகளில் அலையைத் தாண்டித்தான் கரையேறினர். 'சலங்கு' என்ற சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலாங்க்' என்று எடுத்துக்கொண்டனர். மணலில் ஏறும் படகுக்கு மரம் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். படுக்கவைத்தால் படகுக்குள் அடங்க வேண்டும். இருவர் தோளில் சுமக்கும்படி இருக்க வேண்டும். பெரியவர் நீளத்தைப் பாகத்திலும் பருமனைச் சாணிலும் சொன்னார். அவற்றை மீட்டராக்கி எழுதிக்கொண்டோம். மரம் ஆறு மீட்டராகக் குறைந்தது. பாயைப் பதினான்கு சதுர மீட்டராகச் சுருக்கி, உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினோம். காற்றின் விசை தாழ விழுவதால் மரத்தின் மீதான வளைவும் குறைந்தது; 11 செ.மீ. விட்டமே போதுமென்றாயிற்று.

நம் கரையின் கலங்களை யாரும் அளந்து வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1830இல் 'ஃபவோரித்' கப்பலில் கீழ்த்திசைக் கடல்களுக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி, சோழமண்டலக் கரையின் படகுகளையும் சீன ஜங்க்குகளையும் வரைந்து, 1840களின் தொடக்கத்தில் பாரிசில் வெளியான ஒரே நூலில் சேர்த்தார். தமிழிலேயே 'கப்பல் சாத்திரம்' என்னும் சுவடி இருக்கிறது. 1950இல் சென்னையில் அச்சாயிற்று.

ஆனால் நீளம் எவ்வளவு என்பது வரைபடத்தில் கிடைத்தாலும், ஏன் அவ்வளவு என்பது சுமந்த தோளுக்குத்தான் தெரியும். சீனப் பாய்க்கு ஒரு ஹாஸ்லர் கிடைத்தார். கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் வந்தபின் நம் கரையில் பாய் விரித்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். கடலோர ஊர்களில் வாழும் நண்பர்கள் அத்தகைய முதியவர் ஒருவரையாவது தேடிச் சென்று, பாய்மரம் எத்தனை பாகம், பருமல் எத்தனை பாகம், ஏன் அப்படி என்று கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறோம். எங்கள் குறிப்பேட்டில் இப்போதைக்கு ஒருவருடைய அளவுகள் மட்டுமே இருக்கின்றன.