தெலுக் ஆயரில் மதியச் சாப்பாடு

மணி பன்னிரண்டே கால். தஞ்சோங் பகார் அலுவலகக் கட்டடங்களின் லிஃப்ட் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட மாதிரி கூட்டம். அதில் பாதிப் பேர் போகிற இடம் அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையம். இரண்டு மாடி, சின்னச் சின்னக் கடைகள், கடைக்குக் கடை வரிசை. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அங்கே உட்காராதீர்கள். யாரோ இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் படிக்கும் பாடம் இதுதான்.

ஒன்பது வருஷமாக என் மதியச் சாப்பாடு இங்கேதான். திங்கள் சார் குவே தியாவ், செவ்வாய் சிக்கன் ரைஸ், புதன் லக்சா. கூடவே ஒரு கோப்பி. போன வருஷம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.3 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை நோய் இல்லை. ஆனா இப்படியே போனா வந்துடும்" என்றார் டாக்டர்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. நாகப்பட்டினத்தில் அவருக்கு முதலில் சொன்னதும் இதேதான். "ஆரம்பம்தானே" என்று விட்டுவிட்டார். பிறகு செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் போய், இரண்டு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது நான் இங்கே இருந்தேன். கட்டுப் போட்ட காலை வீடியோ காலில்தான் பார்த்தேன். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. எனக்கு இப்போது நாற்பத்து நாலு.

மறுநாளே சாலட் கடைக்குப் போனேன். பதினான்கு வெள்ளி. நாலு மணிக்குப் பசி வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாரம் தாங்கியது. அடுத்து வீட்டுச் சாப்பாடு. மனைவியும் ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவள், பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பள்ளி. டிபன் பாக்ஸ் மூன்று நாளில் நின்றது.

வழி காட்டியது எங்கள் கட்டடத்துக் காவலாளி அண்ணன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். "கடைய ஏன் தம்பி மாத்துற? அதே கடையில வேற மாதிரி கேட்டு வாங்கு. வா, நான் காட்டுறேன்" என்று ஒரு நாள் கூடவே வந்தார்.

முதலில் யொங் டாவ் ஃபூ. ஹக்கா சீனர்களின் உணவு. மீன் விழுது அடைத்த தோஃபு, பாகற்காய், வெண்டைக்காய், கீரை எல்லாம் தட்டில் அடுக்கி இருக்கும். கிண்ணத்தில் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். பொரித்ததைத் தொடாமல் கீரையும் காயும் தோஃபுவும் எடுத்தார். "சூப் ஆர் டிரை?" என்று கடை ஆன்டி கேட்டார். டிரை என்றால் மேலே இனிப்பு சாஸ் ஊற்றுவார்கள். "சூப், நூடுல்ஸ் பாதி" என்றார் அண்ணன். சாப்பிட்டு முடித்துச் சூப்பை அப்படியே மிச்சம் வைத்தார். உப்பு முழுக்க அதில்தான். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் சூப்பே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

மீன் சூப் கடையிலும் இதே கதைதான். பொரித்த மீனா, சும்மா வெந்த மீனா என்று கேட்பார்கள். பால் ஊற்றலாமா என்றும் கேட்பார்கள். வெந்த மீன், பால் வேண்டாம். இரண்டே சொல்.

பல வகைக் கறிகளைத் தட்டுத் தட்டாக வைத்து, கைகாட்டியதைச் சோற்றின் மேல் போட்டுத் தரும் கடை ஒன்றும் இருக்கும். அங்கே சோறு பாதி, காய் இரண்டு, முட்டை அல்லது மீன் ஒன்று, மேலே குழம்பு வேண்டாம். இங்கத்திய சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான்: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம். எல்லாக் கடையிலும் பழுப்பரிசி இருக்காது. இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

சிக்கன் ரைஸ் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். எண்ணெயில் பொரிக்காத கோழி, வெள்ளரிக்காய். ஆனால் அந்தச் சோற்றைக் கோழிக் கொழுப்பில் வதக்கி, கோழி வேகவைத்த சாறில்தான் சமைக்கிறார்கள். வாசனையே அதில்தான் இருக்கிறது. இப்போது வெள்ளைச் சோறு கேட்டு, தோலை எடுத்துவிடச் சொல்கிறேன்.

கடைசியாகக் கோப்பி. வெறும் "கோப்பி" என்று சொன்னால் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிவிடுவார்கள். "கோப்பி ஓ" பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. "சியூ டாய்" என்றால் இனிப்புக் குறைவு. "கொசோங்" மலாய்ச் சொல், காலி என்று பொருள், அதாவது சர்க்கரையே கிடையாது. பால் வேண்டுமென்றால் "கோப்பி சி கொசோங்". இனிக்காத கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். டின் பானம் வாங்குகிறவர்கள் அதன் மேல் இருக்கும் ஏ, பி, சி, டி எழுத்தைப் பாருங்கள். 2022 டிசம்பர் 30 முதல் சி, டி வகைப் பானங்களில் அந்த எழுத்தைப் போட்டே ஆக வேண்டும். டி என்றால் சர்க்கரையோ நிறை கொழுப்போ மிக அதிகம்.

சாப்பிட்டதும் உட்காரக் கூடாது என்பது அண்ணனின் அடுத்த சட்டம். தட்டைத் திருப்பி வைத்துவிட்டு (வைக்காவிட்டால் அபராதம்) தெலுக் ஆயர் தெருவில் நடக்கிறோம். இந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கடலைத் தூர்த்ததால் இப்போது அலைக்குப் பதில் கண்ணாடிக் கட்டடங்கள். முதலில் வருவது அல்அப்ரார் பள்ளிவாசல். ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் பழையவர்கள் குச்சுப் பள்ளி என்பார்கள். அப்புறம் தியான் ஹொக் கெங் சீனக் கோயில். அதைத் தாண்டினால் நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில், நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த சூலியா முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது.

எந்த மதமானாலும் நாகூர் போகாமல் நாகப்பட்டினத்துப் பிள்ளை வளர முடியாது. அப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார். ஒன்பது வருஷமாக இந்தத் தர்காவுக்கு ஐந்து நிமிட தூரத்தில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் நடந்து வந்து பார்த்ததில்லை.

ஆறு மாதம் கழித்து 5.9. லக்சாவை விட்டுவிடவில்லை, மாதம் ஒரு தடவை உண்டு. தீபாவளி வாரத்தில் கணக்கு கொஞ்சம் தப்பியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் தர்கா வாசலில் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்டியாப்பா? என்ன சாப்ட?" என்றார். சொன்னேன்.

"காப்பி?"

"சர்க்கரை இல்லாமப்பா. இங்க கொசோங்னு சொல்லணும்."

"கொசோங்" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி அம்மாவிடம், "இந்தா, எனக்கும் சாயங்காலம் அதான்" என்றார்.