ஓரத்துப் பையன் வெளுக்கக் கூடாது

நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியான என்லார்ஜர் ஒன்று இரும்புக்கடையில் எடைக்குக் கிடந்தது; நண்பர் அதை வாங்கி வந்திருந்தார். பிரிண்ட் போட்டால் நடுப்பகுதி கறுத்தது, நான்கு மூலையும் வெளுத்தது. "திருச்சியில் ஒரு பெரியவர் இருக்கிறார்" என்று அதைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார்.

பிரிண்ட் அலசும் பையனாக ஸ்டூடியோவில் சேர்ந்தவர் அவர். பள்ளிக்கூட குரூப் போட்டோக்கள் போட்டே கை பழகியிருக்கிறது. "ஓரத்துல நிக்கிற பையன் வெளுத்துட்டா, அவங்க அம்மா வந்து சண்டை போடுவாங்க தம்பி" என்றார்.

நெகடிவைப் பார்க்கவே இல்லை. "அதை உள்ள வச்சா கண்ணு படத்தைத்தான் பாக்கும்." லென்ஸை எஃப் 8-க்குக் குறைத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் பேப்பர்த் துண்டுகளை வைத்து, வெறும் வெளிச்சத்தைச் சாம்பல் நிறம் வருமளவுக்கு மட்டும் காட்டினார். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பேப்பர் கிடைத்த காலத்தில் முழுத் தாளையே போடுவாராம். இப்போது வெளிநாட்டுப் பேப்பர், விலை கையைக் கடிக்கிறது.

நடுத்துண்டு மட்டும் கறுத்தது. என்லார்ஜரின் தலையைத் திறந்தார். கண்டென்சர் என்பது இரண்டு தடித்த லென்ஸ்கள். இரண்டின் புடைத்த பக்கமும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். துடைத்த யாரோ ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். பல்பும் தப்பு: உச்சியில் கம்பெனி பெயர் அச்சடித்த வீட்டு பல்பு. என்லார்ஜர் பல்பு பால்வெள்ளையாக, உச்சியில் எழுத்தே இல்லாமல் இருக்கும்.

பிறகு பல்புக் கம்பியின் திருகைத் தளர்த்தி, மேலே, கீழே, பக்கவாட்டில் என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். பல்பின் வெளிச்சத்தைக் கண்டென்சர் திரட்டிக் கீழ் லென்ஸுக்குள் இறக்கவேண்டும். படத்தின் அளவை மாற்றினால் லென்ஸின் தூரம் மாறும். பல்பின் உயரத்தையும் மாற்றியாக வேண்டும். நெகடிவ் 6×6 என்றால் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் வேண்டும். 35 மி.மீ. நெகடிவுக்கான 50 மி.மீ. லென்ஸைப் போட்டுவிட்டுப் பல்பைத் திட்டிப் பயனில்லை.

துளி வெளுப்பு மிஞ்சினால் அவர் அலட்டிக்கொள்வதில்லை. கேமரா லென்ஸும் ஓரத்துக்கு வெளிச்சம் குறைவாகத்தான் தரும். அதனால் பிரிண்டில் ஓரம் கறுக்கும். "கேமரா கறுப்பாக்குனதை இது கொஞ்சம் வெளுப்பாக்கிடும்."

பால் பல்பு கிடைக்காததால், போர்டு எழுதும் கடையில் வாங்கிய பால்நிற அக்ரிலிக் துண்டைக் கண்டென்சருக்கு மேல் வைத்தார். வெளிச்சம் பரவியது. பிரிண்டுக்கு நேரம் கூடும், கான்ட்ராஸ்ட் சற்றுக் குறையும். நெகடிவின் கீறல்கள் அவ்வளவாகத் தெரியாது என்பது லாபம். மறுபடி துண்டுகள் போட்டார். எது மூலை, எது நடு என்று பின்னால் எழுதிய பென்சில் குறியைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

பேச்சு வியாபாரிகள் பக்கம் திரும்பியதும் குரல் உயர்ந்தது. ஸ்டூடியோக்காரரிடம் என்லார்ஜர்களைக் கிலோக் கணக்கில் வாங்கி, உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு, காபிக் கடைகளுக்கு அலங்கார விளக்காக விற்கிறார்களாம். கண்டென்சர் தனியாகவும் லென்ஸ் தனியாகவும் எங்கெங்கோ போய்ச் சேருகின்றன. அவர் கோபம் நியாயமானது.

உங்கள் வீட்டுப் பரணில் என்லார்ஜர் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கொடுப்பதென்றால் கண்டென்சர், லென்ஸ், நெகடிவ் கேரியர் எல்லாவற்றையும் பிரிக்காமல், படம் போடுகிற ஒருவரிடமே கொடுங்கள்.