கையா, குரலா?

தலைக்குள் கம்பி வைத்து, காறை எலும்புக்குக் கீழே பேட்டரி புதைத்து, தையலும் பிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள். என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நான் தூத்துக்குடியில் நரம்பியல் மருத்துவர். அறுவைசிகிச்சை செய்வதில்லை. பெருநகரங்களில் ஆழ்மூளைத் தூண்டல் செய்துகொண்டு ஊர் திரும்பும் பார்கின்சன் நோயாளிகளுக்கு மின்சாரத்தின் அளவை வைத்துக் கொடுக்கிறேன்.

முதலில் மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். கம்பி நுழைந்த இடத்து வீக்கத்தாலேயே சில நாள் நடுக்கம் அடங்கிக் கிடக்கும். அப்போது அளவு வைத்தால் ஏமாந்துபோவோம். பிறகு, முந்தின இரவிலிருந்து மாத்திரை போடாமல் காலையில் வரச் சொல்வேன். ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே மறுகையால் மின்னோட்டத்தை ஏற்றுவேன். அரை மில்லியாம்பியர், ஒன்று, ஒன்றரை. பல்சக்கரம்போலத் தட்டித் தட்டி நகர்ந்த மணிக்கட்டு ஏதோ ஓர் அளவில் இளகித் தடையில்லாமல் சுழலும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியுமுன் என் விரலுக்குத் தெரிந்துவிடும். நடுக்கமும் சீக்கிரமே அடங்கும். நடை தெளிய நேரமாகும். டிஸ்டோனியா என்னும் தசைமுறுக்கு நோய்க்குக் கருவி வைத்தவர்களோ வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மின்முனை போய் நிற்கும் சப்தலாமிக் உட்கரு ஒரு சென்டிமீட்டர் அளவே நீளமுள்ளது. அதன் வெளிப்புறத்தை ஒட்டித்தான் முகத்துக்கும் நாக்குக்கும் கைகாலுக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் கட்டாக இறங்குகின்றன. மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் கை தேறும். ஓர் அளவைத் தாண்டினால் அந்த இழைகளிலும் பரவி வாய் இழுக்கும், பேச்சு குழறும்.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவருக்கு இதுதான் நேர்ந்தது. கட்டபொம்மன் கதையும், 1801-ல் கோட்டையை மறுபடி எழுப்பி நின்ற ஊமைத்துரை கதையும் பல கோயில் கொடைகளில் பாடியவர். வலக்கை நடுக்கத்தால் வீசுகோல் வில்லில் சரியாக விழவில்லை. அதற்காகத்தான் அறுவைசிகிச்சைக்கே சம்மதித்திருந்தார். மூன்று மில்லியாம்பியரில் கை அசையாமல் நின்றது. தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடித்துக் காட்டினார். அவர் மனைவி அழுதுவிட்டார். நோயின் கடுமையை அளக்க என்னிடமிருக்கும் மதிப்பெண் தாளின்படி அன்றைய வேலை அதோடு முடிந்தது. ஆனால் ஒரு விருத்தம் பாடச் சொல்லிக் கேட்டேன். முதல் அடி வந்தது. இரண்டாவதில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வலக்கையை ஆளும் இடப்பக்க மின்முனைதான் பேச்சையும் அதிகம் கெடுப்பது.

“கையா, குரலா, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“கம்ப எம் மவன் அடிச்சுக்கிடுவான், டாக்டரய்யா. பாட்ட நாந்தான படிக்கணும்.”

மின்னோட்டத்தைக் குறைத்து, மின்துடிப்பின் அகலத்தையும் குறைத்து, நரம்பிழைகளுக்கு எதிர்ப்புறம் பார்க்கும் முனையை மட்டும் இயக்கினேன். கையில் கொஞ்சம் நடுக்கம் மிஞ்சியது. விருத்தம் கடைசி அடி வரை தெளிவாக வந்தது. எந்த அளவு நல்ல அளவு என்பது அந்த மனிதர் உடம்பை வைத்து என்ன செய்து வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது. அவருடைய வாழ்க்கையை விசாரிக்காமல் அளவு வைப்பது அரைகுறை வைத்தியம் என்பது என் உறுதியான கருத்து.

1987-ல் பிரான்சின் கிரனோபிளில் பெனாபிட் என்ற மருத்துவர் உயர் அதிர்வெண் மின்தூண்டலால் நடுக்கத்தை அடக்கிக் காட்டியதிலிருந்துதான் இன்றைய ஆழ்மூளைத் தூண்டல் முறை வளர்ந்தது. அதற்கும் முன்பே 1960-களில் சென்னையில் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா ஆகியோர் மூளைக்குள் இலக்கு குறித்து நடுக்கத்துக்கு அறுவைசிகிச்சை செய்துவந்தார்கள். கனகா 1975-லேயே மூளையில் நிலையாக மின்முனை பொருத்தியவர். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கேள்விப்பட வேண்டும்.

அறுவைசிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்பதை மாத்திரைதான் சொல்லும். லெவோடோபா மாத்திரை கொடுத்துப் பார்த்து, குறைந்தது 30 சதவீத முன்னேற்றமாவது தெரிந்தால்தான் அனுப்புவேன். நடுக்கம் ஒன்றுதான் விலக்கு, மாத்திரைக்கு மசியாததும் மின்சாரத்துக்கு மசியலாம். மறதி முற்றியவர்களையும், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் தடுமாறி விழுகிறவர்களையும் எவ்வளவு கெஞ்சினாலும் அனுப்ப மாட்டேன். தூண்டல் அறிகுறிகளைத்தான் குறைக்கும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பல லட்சம் செலவாகும் சிகிச்சை இது. நோய் வளரும் என்பதைச் சொல்லாமல் ஒரு குடும்பத்தை நிலம் விற்க விடுவது பாவம்.

கருவி வைத்தவர்கள் செல்போனுக்கோ மிக்சிக்கோ பயப்பட வேண்டாம். முட்டிவலிக்கும் தோள்வலிக்கும் கொடுக்கும் ஷார்ட்வேவ் டயத்தெர்மி என்ற சூட்டு சிகிச்சை மட்டும் கூடவே கூடாது. சூடு வைப்பது முட்டியில்தான் என்றாலும், அந்த ஆற்றல் கம்பி வழியே ஏறி முனையைச் சுற்றியுள்ள மூளைத் திசுவைக் கருக்கிவிடும். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பும், வேறு எந்த அறுவைசிகிச்சைக்கு முன்பும் கருவியின் அடையாள அட்டையைக் காட்டுங்கள். அதன் நகல் ஒன்று கூடப் போகிறவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.