பேராதனைக்குப் போன தூள்

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிமாவட்டக் கம்பஸுக்குப் போகிற பிள்ளையின் பையில் புத்தகம் இல்லாமல் இருக்கலாம். மிளகாய்த்தூள் இல்லாமல் இராது. செத்தல் மிளகாயை முற்றத்து வெயிலில் காயவிட்டு, மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் என்று ஒவ்வொன்றையும் பதம் பார்த்து வறுத்து, கறிவேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து மில்லில் அரைப்பித்து வரவேண்டும். மிளகாய் வறுபடும் நாளில் ஒழுங்கை முழுவதும் தும்மும். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கம்பஸ் தொடங்கப்போகிறது என்று அயலுக்குத் தெரிவதே அப்படித்தான்.

சுன்னாகத்துப் பக்கத்து வீடொன்றில் இந்தத் தூளால் தாய்க்கும் மகளுக்கும் சண்டை மூண்டது. மகள் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் வருடம் முடித்து இரண்டாம் வருடத்துக்குத் திரும்புகிறாள். ஒரு கிலோ போதும் என்பது அவள் கட்சி. தாய் மூன்று கிலோ கட்டி வைத்திருந்தார்.

"போன முறை கொண்டுபோனதே மிச்சம் கிடந்து பூஞ்சணம் பிடிச்சதம்மா."

"மூடியை இறுக்காமல் வைச்சால் பிடிக்கும்தான். அதுக்குத் தூள் என்ன செய்யும்?"

அவள் எழுதி வைத்த பட்டியலில் தின்கிற சாமான் ஒன்றுமே இல்லை. குடை, நைலோன் கயிறு, உடுப்புக் கிளிப், நீண்ட வயருள்ள எக்ஸ்டென்ஷன். முதல் வருடம் பயத்தில் கட்டிக்கொண்டு போனவற்றில் பாதி கட்டிலுக்கடியிலேயே கிடந்தன. அங்கே என்ன இல்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். தாய்க்கோ, அங்கே சோறு சரியில்லை என்பது மட்டும்தான் தெரியும். இரண்டுமே உண்மை. சண்டை நீண்டதும் அதனால்தான்.

அவசரமும் ஒரு காரணம். கல்வியாண்டு இன்ன மாதத்தில் தொடங்கும் என்று இலங்கையில் இப்போது அடித்துச் சொல்ல முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்ததில் பரீட்சைக் காலங்களே இடம்மாறிவிட்டன. இவளுடைய பரீட்சைக்குப் பெயர் 2022ஆம் ஆண்டு உயர்தரம். அவள் போய் எழுதியது 2023 ஜனவரியில். பெறுபேறு வந்தது செப்டெம்பரில். அதற்குப் பிறகு வெட்டுப்புள்ளிக்கும் பதிவுக்கும் காத்திருப்பு. மாதக்கணக்காகக் காக்கவைத்துவிட்டு, திறக்கும் திகதி ஒருநாள் வாட்ஸப்பில் வந்து விழும். மிளகாய் காய்கிற வேகத்தில் அறிவித்தல்கள் வருவதில்லை.

சண்டையை முடித்துவைத்தவர் மாமா. தாயின் தமையன். 1990களின் தொடக்கத்தில் அதே பேராதனையில் படித்தவர். ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்த காலம் அது. கிளாலியில் இரவோடிரவாகப் படகேறி நீரேரியைக் கடந்து, வவுனியாவில் சோதனைகளுக்கு நின்று, அப்பால்தான் பஸ்ஸோ ரயிலோ.

"நான் கொண்டுபோனது ஒரேயொரு பை. நனைஞ்சால் பிழியலாம் எண்டு சேர்ட்டு மட்டும்தான். தூள் நனைஞ்சால் என்னத்துக்கு?"

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்த நீரேரியில் செத்தவர்களைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. இரண்டு கிலோ என்று முடிவாயிற்று.

யாழ்ப்பாணத்தார் தங்கள் வாசலில் தொடங்குவதாக நினைக்கும் ஏ9 வீதி, கணக்குப்படி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நீளம் 321 கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில் மறுபடி அடைபட்ட பாதை, 2009இல் போர் முடிந்த பிறகே படிப்படியாகத் திறந்தது. இப்போது ஒரே பஸ்ஸில் ஏறி இருந்தால் கண்டியில் இறங்கலாம். அவள் ஏறிய பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழமைபோல நின்றது. சிங்களச் சாரதி இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். பஸ்ஸுக்குள் கச்சான் கோது நொறுங்கத் தொடங்கியது. வவுனியா தாண்டியதும் அவள் நித்திரை.

தம்புள்ளையில் விழித்தபோது, மரக்கறி லொறிகள் ஓயாத அந்தப் பொருளாதார மத்திய நிலையத்துப் பக்கமிருந்து ஒரு சிங்கள அம்மா ஏறி அருகில் இருந்தார். கையில் கறிமிளகாய்ப் பை. இருந்ததும் மூக்கைச் சுருக்கினார். மடியில் என்ன என்று கேட்டார். விடுதியில் ஒரு வருடம் பழகிய சிங்களத்தில் இவள் சொன்னாள். அவர் தயங்கவில்லை, முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். கண் கலங்கியது. பிறகு விசாரணை தொடங்கிற்று.

மிளகாயையும் ஏன் இதற்குள்ளேயே போடுகிறீர்கள்? உறைப்பு வேண்டாதவன் என்ன செய்வான்?

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிங்களச் சமையலில் கறித்தூள் வேறு, மிளகாய்த்தூள் வேறு. கறித்தூளிலும் மரக்கறிக்கு வறுக்காதது, இறைச்சிக்குக் கருக வறுத்தது என்று இரண்டு உண்டு. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம்தான் அடிப்படை. உறைப்பைச் சட்டியில் தனியாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்துத் தூளோ எல்லாவற்றையும் மில்லிலேயே தீர்மானித்துவிடுகிறது. தாய் வைத்த அளவுதான் பிள்ளைக்கு. பேராதனையில் இருந்துகொண்டு அதை மாற்ற முடியாது.

முதல்நாள் இதே தூளை வேண்டாமென்று தாயோடு மல்லுக்கட்டியவள், இப்போது அதற்காக வாதாடப் புறப்பட்டாள். எல்லாம் ஒன்றாக அரைபட்டால்தான் வாசம் ஒன்றோடொன்று ஏறும், ஒரு கரண்டி போட்டால் குழம்பு முடிந்தது என்று சொல்ல நினைத்தாள். கோபம் வந்ததும் சிங்களம் கைவிட்டுவிட்டது. "இது நல்லது, மிகவும் நல்லது" என்பதோடு வாதம் நின்றது. அந்த அம்மா சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரிகைத் துண்டொன்றைக் கிழித்து நீட்டி, கொஞ்சம் கொட்டச் சொன்னார். பருப்புக்குப் போட்டுப் பார்ப்பாராம், இறைச்சிக்குப் போடமாட்டாராம். மாத்தளையில் இறங்கிப் போனார். எங்களூர்ப் பெண் என்றால் இரண்டு கறிமிளகாயாவது மடியில் திணித்துவிட்டு இறங்கியிருப்பாள் என்று இவளுக்குக் குறைதான்.

மாத்தளை வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக வந்தன. மரங்களில் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருந்தது. யாழ்ப்பாண மண்ணில் மிளகு விளைவதில்லை. தாய் வறுத்த மிளகு இந்த மலைப்பக்கத்திலிருந்து வடக்கே போனதாகத்தான் இருக்கவேண்டும். அது மில்லில் அரைபட்டு, வந்த வழியாலேயே மகளின் மடியில் திரும்பிக்கொண்டிருந்தது.

கண்டியில் மழை. பஸ் மாறிப் பேராதனைக் கலஹா சந்தியில் இறங்கியபோதும் மழை. கொழும்பில் 1942இல் தொடங்கிய பல்கலைக்கழகம் 1952இல் இங்கே குடிவந்தது. மகாவலியும் ஹந்தானை மலையும் பார்க்க அழகுதான். அந்த அழகில் உடுப்பு காய்வதில்லை. அறையில் மாத்தறைக்காரத் தோழி முதலே வந்து, ஜன்னலுக்கும் அலுமாரிக்கும் குறுக்கே கயிறு கட்டி, ஈரத் துவாயைத் தொங்கவிட்டிருந்தாள். மேசையில் அவளுடைய தாய் கொடுத்துவிட்ட போத்தல்: கருக வறுத்த கறித்தூள், ஒரு கிலோவுக்குக் குறையாது. அவளும் வேண்டாமென்றுதான் சொன்னாளாம்.

பேராதனைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ஒரு தவணைக்குத் தூள் ஒரு கிலோ தாராளம். பொலித்தீன் பை வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, உலர்ந்த கரண்டியும் ஒன்று வைத்துவிடுங்கள். மிச்ச இடத்துக்கு இன்னொரு குடை.